இணையம் எட்டாத பள்ளிக்கு ஒரு ஆஃப்லைன் நூலகம்: தான்சானியா செல்லும் மாணவர் குழுவுக்கு முழுமையான வழிகாட்டி

தான்சானியாவில் அரசு ஆரம்பப் பள்ளிப் பாடங்கள் சுவாகிலியில் நடக்கின்றன. 7-ஆம் வகுப்பு முடித்து, உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டான ஃபார்ம் 1-க்குள் நுழைந்ததும் இயற்பியல், வேதியியல், கணிதம் எல்லாமே ஆங்கிலம். அதுவரை விசையையும் வெப்பத்தையும் சுவாகிலியில் படித்த பிள்ளை, ஒரே விடுமுறையில் மொழி மாறிப்போய் பாடநூலின் முன் திகைத்து உட்கார்ந்திருக்கும். கிராமத்துப் பள்ளியில் புத்தகம் பல பேருக்கு ஒன்று, ஆய்வகம் பெயரளவில். மொபைல் டேட்டா வாங்கினால் ஆசிரியரின் கையைக் கடிக்கும்.

இங்கே ஒரு கல்லூரி மாணவர் குழுவால் உருப்படியாகச் செய்ய முடிந்த வேலை ஒன்று உண்டு. சிறிய கணினி ஒன்று, அதில் பாடங்கள் நிறைந்த எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்று, வைஃபை ரவுட்டர், சூரிய மின்சாரம். இணையமே இல்லாமல் வகுப்பில் உள்ள டேப்லட்டுகள் அந்த வைஃபையில் சேர்ந்து பாடம், காணொளி, பயிற்சிக் கேள்விகள், விக்கிப்பீடியா எல்லாவற்றையும் திறக்கும். தொழில்நுட்பம் இறுதியாண்டு மாணவருக்குச் சுலபம். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அது ஓட வேண்டும் என்பதுதான் கடினம். ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த நாளை மனதில் வைத்தே எழுதப்பட்டது.

படி 1: போவதற்கு முன் கேட்க வேண்டியவை

கருவியைக் கொடுத்தால் கல்வி தானே வளரும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே பெரிய அளவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. பெரு நாட்டில் குழந்தைக்கு ஒரு லேப்டாப் திட்டத்தை 319 கிராமப்புறப் பள்ளிகளில் ஆராய்ந்த இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் வங்கி, கணிதத்திலும் மொழியிலும் தேர்வு மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று கிடைக்கவில்லை என்று 2012-ல் வெளியிட்டது. கருவி போய்ச் சேர்ந்தது. அதை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது என்பது போய்ச் சேரவில்லை.

எனவே கோரிக்கை பள்ளியிலிருந்து வர வேண்டும். தலைமையாசிரியரிடமும் குறைந்தது இரண்டு பாட ஆசிரியர்களிடமும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பேசுங்கள். எந்தப் பாடத்தில் பிள்ளைகள் அதிகம் தோற்கிறார்கள்? ஒரு வகுப்பில் எத்தனை பேர்? பூட்டக்கூடிய, ஜன்னல் கம்பி போட்ட அறை இருக்கிறதா? அரசு மின் நிறுவனமான டானெஸ்கோவின் இணைப்பு உண்டா, உண்டென்றால் நாளுக்கு எத்தனை மணி நேரம் மின்சாரம் வருகிறது? அறை, கூரை, சுவிட்ச் பலகை மூன்றையும் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட மதிப்புள்ள கேள்வி ஒன்று உண்டு: இதற்கு முன் யாராவது கணினி கொடுத்தார்களா, அது இப்போது எங்கே? பல பள்ளிகளில் அலமாரிக்குள் ஒரு பழைய கருவி தூங்கிக்கொண்டிருக்கும். அது ஏன் நின்றது என்று தெரிந்துகொண்டால் பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரி. பேட்டரி செத்திருக்கலாம், கடவுச்சொல் தெரிந்த ஒரே ஆசிரியர் மாற்றலாகிப் போயிருக்கலாம், பாடங்கள் அந்த நாட்டுப் பாடத்திட்டத்தோடு ஒட்டாமல் இருந்திருக்கலாம்.

படி 2: நாள்காட்டியும் அனுமதியும்

பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பர் தொடக்கத்தில் முடிகிறது, ஜூனில் இடைவிடுமுறை. நம் ஊர் செமஸ்டர் லீவுக்குத் தோதாக டிசம்பரில் போனால் காலி வகுப்பறைகளில்தான் கருவி மாட்டுவீர்கள். ஃபார்ம் 4 பொதுத் தேர்வு நவம்பரில் வருவதால் அக்டோபரும் உதவாது. மார்ச் முதல் மே வரை மசிக்கா பெருமழை. மண் சாலைகள் துண்டிக்கப்படும். ஜூலை பிற்பகுதியும் ஆகஸ்டும் நல்ல காலம். அதிலிருந்து பின்னோக்கி 9 மாதம் எண்ணித் திட்டத்தைத் தொடங்குங்கள்.

பெருநிலப் பகுதியில் அரசுப் பள்ளிகள் உள்ளாட்சி நிர்வாகத்தின் கீழ் வருகின்றன. மாவட்ட நிர்வாக இயக்குநர், மாவட்டக் கல்வி அதிகாரி, கிராம நிர்வாக அலுவலர் என மூவருக்கும் கடிதம் போக வேண்டும். கடிதத்தைப் பள்ளியே எழுதட்டும், நீங்கள் இணைப்புக் கடிதம் மட்டும் வையுங்கள். தீவுப் பகுதியான சான்சிபாருக்குக் கல்வி அமைச்சகமே தனி, ஆகவே அங்கே வழி வேறு. 2023-ல் சான்சிபாரில் சென்னை ஐ.ஐ.டி. ஒரு வளாகம் தொடங்கியிருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டால் மொழி, போக்குவரத்து இரண்டிலும் பெரிய கை கொடுக்கும்.

சுற்றுலா விசாவில் போய்த் தன்னார்வ வேலை செய்யாதீர்கள். குடியேற்றத் துறைக்கு அதுவும் வேலைதான், பிடிபட்டால் பள்ளிக்கும் தலைவலி. உங்கள் காலஅளவுக்கு உரிய அனுமதி எது என்பதை அழைக்கும் பள்ளி மூலமாகவே குடியேற்றத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். முடிவுகளை ஆய்வுக் கட்டுரையாக வெளியிடப் போகிறீர்கள் என்றால் காஸ்டெக் எனப்படும் அறிவியல் தொழில்நுட்ப ஆணையத்தின் ஆய்வு அனுமதியும் வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 மே மாதம் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிள்ளைகளின் முழுப்பெயர், முகம், மதிப்பெண் மூன்றும் உங்கள் லேப்டாப்பில் இந்தியாவுக்கு வரக் கூடாது.

படி 3: பாடங்கள்

மாணவர் குழுக்கள் அதிக நேரம் செலவிடுவது வன்பொருளில். செலவிட வேண்டியது இதில்.

அடிப்படை மென்பொருளாகக் கோலிப்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். லேர்னிங் ஈக்வாலிட்டி என்ற அமைப்பு இணையமில்லாப் பள்ளிகளுக்கென்றே உருவாக்கிய இலவச மென்பொருள் இது. சும்மா கோப்புகளை அடுக்கி வைக்கும் தளம் இல்லை; ஆசிரியர் தன் வகுப்புக்குப் பாடம் ஒதுக்கலாம், யார் எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார் என்று பார்க்கலாம். அதன் பக்கத்தில் கிவிக்ஸை நிறுவினால் விக்கிப்பீடியா, விக்சனரி முதலியவை ஆஃப்லைனில் கிடைக்கும். ஆங்கில விக்கிப்பீடியா படங்களோடு 100 ஜிபிக்கு மேல் இருப்பதால் இயற்பியல், வேதியியல் என்று துறைவாரியாகப் பிரித்த சிறு தொகுப்புகளே போதும். சுவாகிலி விக்கிப்பீடியா அளவில் சிறியது, முழுதாகப் போடுங்கள். செய்முறை அறிவியலுக்குத் திரையிலேயே சோதனை செய்து பார்க்கும் ஃபெட் சிமுலேஷன்களும், வாசிப்புக்கு ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்கின் சுவாகிலிக் கதைகளும் நன்றாக உதவும்.

இதோடு நிறுத்தினால் பெருவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். கோலிப்ரியில் கிடைப்பது பெரும்பாலும் வேறு நாட்டுப் பாட வரிசை. தான்சானியாவில் 2024 ஜனவரி முதல் புதிய பாடத்திட்டம் படிப்படியாக வருவதால் பழைய பட்டியலையும் நம்ப முடியாது. ஆசிரியரிடம் நடப்பு ஆண்டுப் பாடத்திட்டத்தை வாங்கி, தலைப்புவாரியாக எந்தக் காணொளி, எந்தப் பயிற்சி என்று ஒரு அட்டவணை போடுங்கள். கோலிப்ரி ஸ்டுடியோவில் 'ஃபார்ம் 1 இயற்பியல், முதல் பருவம்' என்று ஆசிரியர் வாயில் வரும் பெயரிலேயே தனிச் சேனல் உருவாக்கி அதே வரிசையில் அடுக்குங்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு மாணவர்கள் உட்கார்ந்தால் ஆறு வாரம் பிடிக்கும். எல்லாப் பாடங்களையும் அரைகுறையாக அடுக்குவதை விட இயற்பியலையும் கணிதத்தையும் மட்டும் முழுமையாக முடிப்பது எவ்வளவோ மேல்.

இன்னொன்று, பாடத்தில் வரும் 300 அறிவியல் சொற்களுக்கு ஆங்கிலம்–சுவாகிலி அகராதி ஒன்றை அந்தப் பள்ளி ஆசிரியர்களையே கொண்டு தொகுக்கச் செய்யுங்கள். ஃபார்ம் 1 பிள்ளைகள் அதிகம் திறக்கப் போவது அதைத்தான். பொதுத் தேர்வுப் பழைய வினாத்தாள்களுக்கும் அரசுப் பாடநூல்களுக்கும் உரிமையாளர் உண்டு. எழுத்துபூர்வ அனுமதி வாங்கிய பிறகே ஏற்றுங்கள்.

படி 4: பெட்டி

கணினி: ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற கையளவுக் கணினி (இனி சுருக்கமாகப் 'பை'), 4 ஜிபி ரேம். பை 5 வேகமானதுதான், ஆனால் அதன் முழுத் திறனுக்கு 5 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். சூரிய மின்சாரத்தில் அது வீண் சுமை. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் போதும், சராசரியாக 6 அல்லது 7 வாட் இழுக்கும்.

சேமிப்பு: மெமரி கார்டை நம்பாதீர்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு அமைப்பு உடைந்துபோகும்; இதுமாதிரி பெட்டிகள் செத்துப்போவதற்குப் பெரிய காரணம் இது. யூஎஸ்பி 3 வழியாக 1 டிபி எஸ்எஸ்டி மாட்டி அதிலிருந்தே பூட் செய்யுங்கள். இயங்குதளப் பகுதியை எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, கோலிப்ரியின் தரவுக்கு மட்டும் தனிப் பகுதி ஒதுக்குங்கள். ஒரே மாதிரியான எஸ்எஸ்டி மூன்று தயாரிக்க வேண்டும். ஒன்று பெட்டியில், ஒன்று தலைமையாசிரியரின் இரும்பு அலமாரியில், ஒன்று உங்களிடம்.

கடிகாரம்: பை 4-க்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது, இணையத்தில் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொள்ளும். இணையமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் நேரம் தவறிப்போய், 'நேற்று யார் படித்தார்கள்' என்ற ஆசிரியரின் அறிக்கை குளறுபடியாகும். டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்றும் அதற்கேற்ற பட்டன் செல்லும் போட்டால் தீர்ந்தது. செலவு சொற்பம், ஆனால் பலரும் மறப்பது இதுதான்.

ரவுட்டர்: பையின் உள்ளிருக்கும் வைஃபை முழு வகுப்பைத் தாங்காது. தனி ரவுட்டரை ஈத்தர்நெட் கேபிளால் இணையுங்கள். '12 வோல்ட் ரவுட்டர்தானே' என்று பேட்டரியில் நேராகக் கோர்த்துவிடக் கூடாது; சார்ஜ் ஏறும்போது பேட்டரி முனையில் 14.4 வோல்ட் வரை இருக்கும், மலிவான ரவுட்டர்கள் சில மாதங்களில் கருகும். மைக்ரோடிக் ஹெச்ஏபி ஏசி லைட் போன்றவை 10 முதல் 28 வோல்ட் வரை ஏற்கும். வேறு ரவுட்டர் என்றால் இடையில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் மாற்றி ஒன்று வையுங்கள்.

பிள்ளைகள் தட்டும் முகவரியை ரவுட்டரின் டிஎன்எஸ் என்ற பெயர்ப் பட்டியலிலேயே எழுதுங்கள். 'லோக்கல்' என்று முடியும் முகவரிகளை ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய கருவிகள் பல கண்டுபிடிக்காது. ஆண்ட்ராய்டில் இன்னொரு தொல்லையும் உண்டு. வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். பக்கம் திறக்காது, ஆசிரியர் பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பார். 'இந்த இணைப்பிலேயே இரு' என்ற தேர்வை ஒருமுறை அழுத்த வேண்டும் என்பதைப் பயிற்சியின் முதல் 10 நிமிடத்திலேயே காட்டிவிடுங்கள்.

கணினியை இரும்புப் பெட்டியில் வைத்து, காற்றுத் துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை ஒட்டுங்கள். எறும்பும் பல்லியும் வெதுவெதுப்பைத் தேடி வரும். ரவுட்டரை மட்டும் பெட்டிக்கு வெளியே, சுவரில் ஆளுயரத்துக்கு மேல் மாட்டுங்கள். இரும்புக்குள் வைத்தால் வைஃபை வெளியே வராது. தகரக் கூரைக்கு நேர்கீழே எதையும் வைக்க வேண்டாம்.

படி 5: மின்சாரம்

திட்டம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். முதலில் கணக்கு.

பையும் எஸ்எஸ்டியும் ரவுட்டரும் சேர்ந்து 13 வாட். காலை 7.30 முதல் மாலை 4.30 வரை 9 மணி நேரம் என்றால் 117 வாட்-மணி. 15 டேப்லட்டுகள்; ஒவ்வொன்றின் பேட்டரியும் சுமார் 18 வாட்-மணி, சார்ஜ் இழப்போடு 25. தினமும் பாதி காலியாகும் என்று வைத்தால் 190. மொத்தம் நாளுக்கு 310 வாட்-மணி. ராத்திரி அணைக்காமல் விட்டால் பெட்டியும் ரவுட்டரும் மட்டுமே 312 குடிக்கும். ஆகவே ஒரு டைமர் சுவிட்ச் கட்டாயம்.

இரண்டு மேகமூட்டமான நாள்களைத் தாக்குப்பிடிக்க 620 வாட்-மணி வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 60 ஆம்பியர்-மணி எடுத்து 80 சதவீதம் பயன்படுத்தினால் 614 வரும், சரியாக இருக்கும். ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி தேவை. அது மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் வெயில் ஊரில் 2 அல்லது 3 ஆண்டில் மாற்ற வேண்டிவரும். அந்தப் பணம் பள்ளியிடம் இருக்குமா என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பேனல் 200 வாட். மோசமான மாதத்தில் நாளுக்கு 4 மணி நேர முழு வெயில், அமைப்பின் மொத்தத் திறன் 65 சதவீதம் என்று எடுத்தால் 520 வாட்-மணி கிடைக்கும். அன்றாடத் தேவை போக மிச்சம் பேட்டரியை மீட்டெடுக்கும். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 20 ஆம்பியர், பேனலின் முழுத் திறனையும் எடுக்கும் எம்பிபிடி வகை. சந்தையில் கிடைக்கும் பெரிய பேனல்கள் பலவும் 60 செல் கொண்டவை, சுமார் 30 வோல்ட்டில் வேலை செய்பவை. அவற்றை மலிவான பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் மாட்டினால் பேட்டரி வோல்ட்டுக்கு இழுத்துவிடும், பேனலின் பாதித் திறன் காற்றில் போகும்.

திசையில் நம்மவர்கள் தடுமாறுவது உண்டு. தமிழ்நாட்டில் பேனலைத் தெற்கு பார்த்து வைத்துப் பழக்கம். தான்சானியா பூமத்தியரேகைக்குத் தெற்கே இருக்கிறது. வடக்கு பார்த்து, 10 முதல் 15 பாகை சாய்வில் வையுங்கள். இன்னும் தட்டையாக வைத்தால் மழை தூசியைக் கழுவாது, கீழ் ஓரத்தில் சேறு படிந்துவிடும்.

ஒயர் மெலிந்தால் வெயில் அடித்தும் சார்ஜ் ஏறாது. கூரையிலிருந்து 10 மீட்டர் தூரம் என்றால் போய்வர 20 மீட்டர் கம்பி. 18 வோல்ட் பேனலிலிருந்து 11 ஆம்பியர் ஓடும்போது 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் சுமார் 1 வோல்ட் வீணாகும். 6 சதுர மி.மீ. வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியத்தைச் செம்பு என்று விற்பார்கள், முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்.

கோர்க்கும் வரிசை முக்கியம். பேட்டரியின் நேர்முனையிலிருந்து 20 செ.மீ.க்குள் 30 ஆம்பியர் ஃபியூஸ். முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரில் கொடுத்து, அது விழித்து 12 வோல்ட் அமைப்பு என்று உணர்ந்த பிறகே பேனலைக் கொடுக்க வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. மாற்றிச் செய்தால் சில கன்ட்ரோலர்கள் அங்கேயே போய்விடும். லித்தியம் பேட்டரிக்கு கன்ட்ரோலரில் அந்த வகையையே தேர்ந்தெடுத்து, சார்ஜ் உச்சத்தை 14.2 முதல் 14.4 வோல்ட்டுக்குள் வையுங்கள். ஈய-அமில அமைப்பிலேயே விட்டால் சமன்படுத்தும் சார்ஜ் அதற்கு மேல் ஏறி, பேட்டரியின் உட்காவல் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். பேட்டரி 12 வோல்ட்டுக்கு இறங்கினால் சுமையைத் துண்டிக்கும்படி வையுங்கள்.

பேட்டரியிலிருந்து பைக்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர் மாற்றி. மாற்றிக்கும் பைக்கும் இடையே 30 செ.மீ.க்கு மேல் கேபிள் வேண்டாம். மெல்லிய கேபிளில் வோல்ட் குறைந்து 4.63-க்குக் கீழே போனால் பை தன் வேகத்தைக் குறைக்கும், எஸ்எஸ்டி திடீரென்று காணாமல் போகும். திரை மாட்டிப் பார்த்தால் மூலையில் மின்னல் குறி தெரியும். அந்தக் குறி வந்தால் மென்பொருளை நோண்டாதீர்கள், கேபிளை மாற்றுங்கள்.

டேப்லட்டுகளை ஐந்தைந்தாக, காலை 10 முதல் மாலை 3 வரை மட்டும் சார்ஜ் செய்யட்டும். பதினைந்தையும் ஒன்றாகப் போட்டால் 150 வாட் இழுக்கும்.

ஊர்க்காரர்கள் போன் சார்ஜ் செய்ய வருவார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. ஒரு போனுக்கு 20 வாட்-மணி, பத்துப் போன் என்றால் 200. இதைக் கணக்கில் சேர்த்துப் பேனலைக் கூடுதலாக 100 வாட் போட்டுவிடுங்கள். அதற்குப் பள்ளி சிறு கட்டணம் வாங்கினால் அதுவே பேட்டரி நிதி.

டானெஸ்கோ இணைப்பு உள்ள பள்ளிக்குப் பேனல் தேவைப்படாமல் போகலாம். சார்ஜரும் 30 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் பெட்டியையும் ரவுட்டரையும் இரண்டு நாள் தாங்கும், டேப்லட்டுகள் மின்சாரம் உள்ளபோது சார்ஜ் ஆகட்டும். ஆனால் அங்கே லூக்கு எனப்படும் முன்பண மீட்டர்தான். 'கரண்ட் இல்லை' என்று தகவல் வரும்போது பாதி நேரம் டோக்கன் தீர்ந்திருக்கும். யார் வாங்குகிறார்கள், எந்தப் பணத்தில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

படி 6: ஊரிலேயே உடைத்துப் பாருங்கள்

கிளம்ப இரண்டு மாதம் இருக்கும்போது முழு அமைப்பும் உங்கள் கல்லூரியில் ஓட வேண்டும். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 50 முறை பிளக்கைப் பிடுங்குங்கள். ஒருமுறை எழாவிட்டாலும் அந்த அமைப்பு தயாராகவில்லை. 30 போன்களில் ஒரே நேரத்தில் ஒரே காணொளியைத் திறந்து எங்கே திணறுகிறது என்று பாருங்கள். பிறகு குழுவுக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஒற்றைத்தாள் கையேட்டை மட்டும் கொடுத்து எஸ்எஸ்டியை மாற்றச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. அவர் தடுமாறும் இடமெல்லாம் கையேட்டின் குறை.

படி 7: எதை எடுத்துச் செல்வது, எதை அங்கே வாங்குவது

விமானத்தில் 100 வாட்-மணிக்கு உட்பட்ட லித்தியம் பேட்டரி கைப்பையில் மட்டும் செல்லும். 160 வரை விமான நிறுவன ஒப்புதல் வேண்டும். உங்கள் 768 வாட்-மணி பேட்டரிக்கு எந்தப் பயணி விமானத்திலும் இடமில்லை. பேட்டரி, பேனல், கன்ட்ரோலர், ஒயர், ரவுட்டர் எல்லாவற்றையும் அங்கேயே வாங்குங்கள். தாருஸ்ஸலாமின் கரியாக்கூ சந்தையில் கிடைக்காதது அரிது. அருஷா, முவான்சா, டொடோமாவிலும் கடைகள் உண்டு. அங்கே வாங்கினால்தான் இரண்டு வருடம் கழித்து அதே கடையில் மாற்றுப் பாகம் கிடைக்கும். வரித்துறைக் கருவியில் அச்சாகும் ஈஎஃப்டி ரசீது கேட்டு வாங்குங்கள். உத்தரவாதத்துக்கும் வேண்டும், கேட்டு வாங்குவது சட்டப்படி வாங்குபவரின் கடமையும்கூட.

கையில் போக வேண்டியவை: ராஸ்ப்பெர்ரி பை இரண்டு, எஸ்எஸ்டி மூன்று, கடிகார மாட்யூல்கள், வோல்ட் மாற்றிகள் நான்கு, மல்டிமீட்டர் இரண்டு, கிரிம்பிங் கருவி, ஃபியூஸ்கள் 20. ஒரு மல்டிமீட்டர் அங்கேயே தங்கிவிட வேண்டும். பிளாஸ்டிக் கேரி பைகளுக்கு அங்கே 2019 ஜூன் முதல் தடை. பெட்டியில் இருந்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

படி 8: பொருத்துவது இரண்டு நாள், பழக்குவது பத்து நாள்

சந்திப்பு நேரத்தை உறுதிசெய்யும்போது கவனம். சுவாகிலியில் பகல் கணக்கு விடியலில் தொடங்குகிறது, நம் 10 மணி அவர்களுக்கு 4. ஆங்கில நேரமா சுவாகிலி நேரமா என்று கேட்டுவிடுங்கள். பெரியவர்களைக் கண்டால் 'ஷிக்காமூ' என்று வணங்கிப் பேச்சைத் தொடங்குங்கள். ஆசிரியரை 'முவாலிமு' என்றே அழைப்பது வழக்கம்.

கம்பி இழுப்பது, பேனல் மாட்டுவது எல்லாம் அந்த ஊர் ஃபுண்டியின் கையால் நடக்கட்டும். ஃபுண்டி என்றால் அங்கே எலக்ட்ரீஷியன், மெக்கானிக், கொத்தனார் எல்லோரும்தான். உங்களுக்கு வேண்டியது சோலார் பழகியவர். அவருக்கு முழுக்கூலி கொடுங்கள். 'இலவசச் சேவை' என்று அவர் பிழைப்பில் கை வைக்காதீர்கள். அடுத்த வருடம் ஃபியூஸ் போகும்போது பள்ளிக்கு ஓடி வரப் போகிறவர் அவர்.

ஒரே ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவது பெரிய பிழை. அரசு ஆசிரியருக்கு மாற்றல் எப்போது வேண்டுமானாலும் வரும். மூன்று பேர் வேண்டும்: கணினி அல்லது இயற்பியல் ஆசிரியர், அறிவியல் சாராத ஆசிரியர் ஒருவர், அந்த ஊர்க்காரரான அலுவலகப் பணியாளர் ஒருவர். மூவரும் தனித்தனியாக, உங்கள் கை படாமல், இந்த ஐந்தையும் செய்துகாட்ட வேண்டும்: முறையாக அணைப்பது, எஸ்எஸ்டி மாற்றுவது, ஃபியூஸ் மாற்றுவது, ரவுட்டரை மறுதொடக்கம் செய்வது, புது வகுப்பைக் கோலிப்ரியில் சேர்ப்பது. கோலிப்ரியில் மாணவர்கள் கடவுச்சொல் இல்லாமல் நுழைய அனுமதிக்கும் வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். இல்லையேல் வகுப்பின் முதல் 15 நிமிடம் மறந்த கடவுச்சொற்களிலேயே போகும். நிர்வாகிக் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையில் ஒட்டி, தலைமையாசிரியரின் அலமாரியில் வையுங்கள்.

மிச்ச நாள்கள் வகுப்பறைக்கு. 60 பேர் வகுப்பில் 15 டேப்லட் என்றால் நால்வருக்கு ஒன்று. ஆசிரியர் 10 நிமிடம் பேசி, பிள்ளைகள் குழுவாக ஒரு சிமுலேஷனை 15 நிமிடம் ஓட்டி, பிறகு நோட்டில் எழுதுவது என்ற ஓட்டத்தை ஆசிரியர்களோடு உட்கார்ந்து அவர்களுடைய பாடக்குறிப்பேட்டிலேயே எழுதவையுங்கள். அதில் ஏறாத எதுவும் நீங்கள் கிளம்பிய வாரத்தோடு மறைந்துவிடும்.

படி 9: கிளம்பிய பிறகு

ஒப்பந்தம் ஒரு பக்கம், சுவாகிலியிலும் ஆங்கிலத்திலும். கருவிகள் பள்ளிக்குச் சொந்தம், அறைச்சாவி யாரிடம், போன் சார்ஜ் வருமானம் எந்தக் கணக்கில், பேட்டரி நிதி யார் பொறுப்பு. மொத்தப் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள்; ஃபுண்டியின் கூலியை மொபைல் பணமாக இங்கிருந்தே ஏற்பாடு செய்ய அது வேண்டும். உங்கள் கல்லூரியிலும் பொறுப்பு ஒரு பேட்ச்சோடு முடியக் கூடாது. இரண்டாமாண்டு மாணவர்கள் பாதிப் பேர் குழுவில் இல்லையென்றால் அந்தத் திட்டத்தைத் தொடங்கவே வேண்டாம்.

மாதம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் இரண்டே விவரம் கேளுங்கள்: வெயில் ஏறுமுன் காலை 7 மணிக்குப் பேட்டரி எத்தனை வோல்ட், கோலிப்ரியில் அந்த மாதம் நுழைந்தவர் எத்தனை பேர். வோல்ட் மாதாமாதம் இறங்கினால் பேனலில் தூசி, அல்லது யாரோ புதிதாக ஒரு சுமை கோர்த்திருக்கிறார்கள். வோல்ட் நன்றாக இருந்து நுழைவு மட்டும் குறைந்தால் கருவியில் கோளாறு இல்லை, கால அட்டவணையில் அந்த அறைக்கு இடம் போய்விட்டது என்று பொருள். தலைமையாசிரியரிடம் பேச வேண்டிய விஷயம் அது.

அடுத்த ஆண்டு போகும்போது புது எஸ்எஸ்டியோடு போங்கள், ஆனால் முதல் நாள் எதையும் கழற்றாதீர்கள். ஃபுண்டி எதை மாற்றிக் கட்டியிருக்கிறார், ஆசிரியர்கள் எந்தச் சேனலைத் தொடவே இல்லை, டேப்லட்டுகள் எந்த அலமாரிக்கு இடம் மாறியிருக்கின்றன என்று நடந்து பார்த்து, ஏன் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உப்பிய டேப்லட் பேட்டரிகளைத் தனியே எடுத்து மணல் வாளியில் போட்டு, அவற்றை விற்ற கடைக்கே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுங்கள். பள்ளிக் குப்பைக்குழியில் எரிக்க விடாதீர்கள்.